பித்தளைப் பூட்டு

குருவிமடையில் ஒரு வீட்டுக்கு முப்பத்திரண்டு லட்சம் என்று சீனிவாசகம் சொன்னபோது பாண்டிமீனா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். குடித்திருக்கிறாரோ என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அவர் காலை பத்து மணிக்குக் குடிக்கிற ஆள் இல்லை. சாத்தூர், தாயில்பட்டி வட்டாரத்தில் இருபது வருடமாக வீடும் மனையும் பேசி முடித்துக் கொடுக்கிற தரகர்.

“குருவிமடையிலயா? அங்க என்ன அண்ணாச்சி இருக்கு? கெணத்துத் தண்ணியில பருப்பு வேகாது. நாளைக்கு மூணு தரம் பஸ்ஸு. அதுவும் டிரைவருக்கு மனசிருந்தா வரும்.”

“நீதான தங்கச்சி சத்தமில்லாத ஊரு வேணும்னு கேட்ட? இந்தப் பக்கத்துல சத்தமில்லாத ஊரு அது ஒண்ணுதான்.”

“சத்தமில்லாததுக்கா முப்பத்திரண்டு?”

“அங்கன இப்ப நடக்குற வெல அது. போன சித்திரையில இருந்து எட்டு வீடு கைமாறியிருக்கு. எல்லாம் இந்த வெலதான்.”

“யாரு வாங்குனா?”

சீனிவாசகம் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். பேனா பையில்தான் இருந்தது. அதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் பையிலேயே வைத்தார். பாண்டிமீனாவுக்கு அது போதும். எங்கேயோ இடிக்கிறது என்று முடிவு கட்டிவிட்டாள்.

சந்தேகம் அவளுக்குக் கூடப்பிறந்தது. மீன்காரியிடம் செவுளை மூன்று தரம் தூக்கிப் பார்ப்பாள். கோயிலில் திருநீறு கொடுத்தால் மோந்து பார்த்துவிட்டுப் பூசுவாள். அந்தக் குணத்தை மேலும் தீட்டி விட்டது பதினெட்டு வருடப் பட்டாசு ஆபீஸ் வேலை. இந்தப் பக்கத்தில் ஆலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். காலையில் உட்காருமுன் தரையை வெறும் உள்ளங்கையால் ஒருதரம் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு மணல், ஒரு குண்டூசி கிடந்தாலும் உரசினால் போச்சு. கொலுசு, மெட்டி எல்லாம் வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். சந்தேகப்படாதவர்கள் அங்கே ரொம்ப நாள் உட்கார முடியாது. அப்படியும் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வைகாசி மத்தியானம், வெடிமருந்து கலக்குகிற ரூம் வெடித்துப் போய்விட்டது. உள்ளே மூன்று பேர். வாசலில் டிரம்மை உருட்டிக்கொண்டிருந்த ஜெயபாண்டி, அவள் புருஷன், உயிரோடு வந்தான். உடம்பில் முதுகுத் தோல் மட்டும்தான் வெந்திருந்தது. அது ஆறிவிட்டது.

ஆறாதது வேறு. நாரணாபுரத்தில் அவர்கள் வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் ஆபீஸ்கள். சாயங்காலமானால் ஒவ்வொன்றிலும் புதுச் சரக்கை வெடித்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு வெடிக்கும் ஜெயபாண்டி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுவான். நாற்பத்தைந்து வயது ஆண்பிள்ளை. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தாலும் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவான். தீக்குச்சி உரசுகிற சத்தம் ஆகாது. தூக்கம் என்பது அரை மணி, முக்கால் மணி. சத்தமில்லாத இடமாகப் பார்த்துக் கூட்டிப் போ, இல்லாவிட்டால் ஆள் தேறமாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாரணாபுரம் வீட்டை விற்றால் பதினாலு லட்சம் வரும். அவளிடம் இருப்பது அவ்வளவுதான்.

“சரி, காட்டுங்க. முப்பத்திரண்டு லச்சத்துக்கு அந்த வீட்டுக்குள்ள என்னதான் இருக்குன்னு பாத்துட்டு வாரேன்” என்றாள்.

மறுநாள் ஜெயபாண்டியின் பழைய மொபெட்டில் அவனைப் பின்னால் உட்கார்த்தி அவளே ஓட்டிக்கொண்டு போனாள். ஆவணி வெயில் கரிசலைப் பாளம் பாளமாகப் பிளந்து போட்டிருந்தது. மக்காச்சோளம் முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. தாயில்பட்டி ரோட்டிலிருந்து பிரிந்ததும் இரண்டு பக்கமும் வேலிக்கருவைப் புதர். அதைத் தாண்டினால் ஊர். தெற்கே ஒரு தெரு, நடுவில் வறண்ட ஓடை, ஓடைக்குக் கிழக்கே இன்னொரு தெரு. தெற்குத் தெருவின் கடைசி வீடுதான் கண்ணுச்சாமியுடையது. இரண்டு அறை, ஓட்டுக்கூரை, பின்னால் தொழுவம், முற்றத்தில் ஒரு வேம்பு. நாரணாபுரத்தில் இதை நாலு லட்சத்துக்குக் கேட்டாலே யோசித்துத்தான் கொடுப்பார்கள்.

வண்டியை நிறுத்தியதும் அவள் கவனித்தது வீட்டை இல்லை. அமைதியை. காது அடைத்துக்கொண்டதோ என்று சுண்டுவிரலை விட்டு ஆட்டிப் பார்த்தாள். வேப்பமரத்தில் காக்கை ஒன்று சிறகைக் கோதுவது கேட்டது.

கண்ணுச்சாமிக்கு எழுபது இருக்கும். வெற்றுடம்பு, தோளில் துண்டு. வயிற்றில் ஒட்டுப் போட்டது மாதிரி ஒரு பழைய தழும்பு.

“வாங்க, வாங்க. சீனிவாசகம் போனு போட்டாரு. மொதல்ல உக்காருங்க. ஏ பாலம்மா, மோரு கொண்டா.”

உள்ளேயிருந்து அவர் மனைவி பாலம்மாள் வந்தாள். முகமும் காலும் வீங்கியிருந்தன. செம்பை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினாள். இடது முழங்கையில் பிளாஸ்திரி. பாண்டிமீனா அதையும் பார்த்து வைத்துக்கொண்டாள்.

மோரைக் குடித்துவிட்டு வேப்பமர நிழலில் நார்க்கட்டிலில் உட்கார்ந்த ஜெயபாண்டி, அப்படியே சாய்ந்தான். ஐந்து நிமிடத்தில் குறட்டை வந்தது. பட்டப்பகல் பதினொரு மணி. இரண்டு வருடத்தில் அவள் கேட்காத குறட்டை. இந்த வீடு வேண்டும், என்ன ஆனாலும் வேண்டும் என்று மனசு அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது. மனசு விழுந்த இடத்தில்தான் ஏமாற்றுவார்கள் என்று புத்தி சொன்னது.

“தெருவை ஒரு சுத்து பாத்துட்டு வாரேன்யா” என்று எழுந்தாள்.

தெற்குத் தெருவில் மீதி எட்டு வீடு. எட்டும் பூட்டியிருந்தது. கோழி இல்லை. வாசலில் கோலமாவுத் தடம் இல்லை. மதியம் நெருங்குகிறது, ஒரு வீட்டிலிருந்தும் தாளிக்கிற வாசனை வரவில்லை. ஒரு வீட்டுச் சுவரில் சாத்தி வைத்த நடைவண்டியில் குளவி கூடு கட்டியிருந்தது. பேய் பிடித்த தெருவா? கொள்ளை நோயா? ஏதாவது கொலை விழுந்திருக்குமோ? அவள் ஒவ்வொரு வாசலாக நின்று பார்த்தாள். நாலாவது வாசலில்தான் பூட்டைக் கவனித்தாள். திரும்பிப் போய் முதல் மூன்றையும் பார்த்தாள். பிறகு மீதி நாலையும்.

எட்டும் ஒரே அளவு, ஒரே செய்நேர்த்தி. எட்டும் பித்தளை.

கிராமத்தில் எவன் பித்தளைப் பூட்டு வாங்குவான்? இரும்புப் பூட்டு பாதி விலை. இரும்பு ஆகாத இடம் ஒன்றுதான் உண்டு. மருந்து ரூமுக்கும் சரக்கு ரூமுக்கும் இரும்புப் பூட்டுப் போடமாட்டார்கள். உரசினால் பொறி வரும். அதற்கென்று பெட்டி பெட்டியாகப் பித்தளைப் பூட்டு வாங்கி ஸ்டோரில் அடுக்கியிருப்பார்கள். பதினெட்டு வருடம் தினமும் காலையில் அந்தப் பூட்டுத் திறக்கிற சத்தத்தைக் கேட்டவள் அவள். சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று திரும்பி வந்தாள்.

முற்றத்தில் கம்மங்கஞ்சியும் வறுத்த மிதுக்கவத்தலும் எடுத்து வைத்திருந்தாள் பாலம்மாள். ஜெயபாண்டி இன்னும் தூங்கினான்.

“சாப்புடு தாயி. வெலயப் பெறகு பேசுவம்” என்றார் கண்ணுச்சாமி.

“வெலயப் பேசிட்டே சாப்புடுதேன். சொல்லுங்க.”

“ஒங்க கையில எம்புட்டு இருக்கு?”

“பதினாலு.”

“சரி. பதினாலுக்குத் தாரேன்.”

பாண்டிமீனா கையிலிருந்த வத்தலைத் தட்டில் வைத்துவிட்டாள். முப்பத்திரண்டு ஒரு செம்பு மோருக்குள் பதினாலாக இறங்கினால் யாருக்குத்தான் பயம் வராது?

“ஆனா ஒண்ணு. நீங்க வந்து குடியிருக்கணும். வாடகைக்கு விடக்கூடாது. பூட்டிப் போடக்கூடாது. தெனமும் அடுப்பெரியணும்.”

“எந்தக் கம்பெனி?” என்றாள் அவள்.

கண்ணுச்சாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“எட்டு வீட்டுலயும் பித்தளப் பூட்டு தொங்குது. நான் ஆபீஸ்ல வேலை பாத்தவ. எங்கிட்ட மறைக்காதீக.”

“சொல்லிருங்க” என்றாள் பாலம்மாள். “தெரிஞ்சுக்கிட்டுத்தான் வரட்டும். நாளப்பின்ன நம்மளச் சபிக்கக் கூடாது.”

அவர் சொன்னார். தெற்கே தெரிகிற கரிசல் அறுபது ஏக்கரை ஒரு பட்டாசுக் கம்பெனி வாங்கிவிட்டது. ரூம் கட்ட லைசென்ஸ் வேண்டும். குறிப்பிட்ட தூரத்துக்குள் ஆள் குடியிருக்கிற வீடு இருக்கக்கூடாது. டேப்பைப் பிடித்து அளந்தார்கள். தெற்குத் தெரு ஒன்பது வீடும் அளவுக்குள் விழுந்தது. கேட்ட விலையைக் கொடுத்து எட்டை வாங்கிப் பூட்டினார்கள்.

“வீட்டுக்கா அந்த வெல? ஆளு இல்லாம இருக்குறதுக்கு வெல. என் தம்பியே மொத ஆளா வித்துட்டு விருதுநகர்ல மாடி வீடு கட்டிட்டான். தப்புன்னு சொல்லமாட்டேன். இந்த மண்ணுல நாப்பது வருசம் உழுதாலும் முப்பத்திரண்டு லச்சம் வருமா?”

“நீங்களும் வித்திருக்கலாமே?”

“வித்திருப்பேன். பொய் சொல்லல. பத்திரம் எழுதப் போற வரைக்கும் போனேன்.” கிழக்கே கையைக் காட்டினார். “ஓடைக்கு அந்தப் பக்கம் மொத வீடு எம் மக கற்பகம் வீடு. இங்கனயே தாய்மாமன் மகனுக்குக் கட்டிக் குடுத்தேன். ரெண்டு சின்னப் பிள்ளைக. டேப்பு அவ வாசலுக்குப் பதினொரு அடி முன்னால நின்னுருச்சு. அளவுக்குள்ள இருக்கறவனுக்கு முப்பத்திரண்டு லச்சம். பதினொரு அடி தள்ளி இருக்கறவனுக்கு ஒண்ணுங் கெடையாது, வெடிதான். கிழக்குத் தெருவுல நாப்பது வீடு அப்பிடித்தான் இருக்கு.”

“அப்ப நீங்களே இருந்துக்கிட வேண்டியதுதான?”

கண்ணுச்சாமி பாலம்மாளைப் பார்த்தார். அவள் பிளாஸ்திரி ஒட்டிய கையை முன்னால் நீட்டிக் காட்டினாள். “கிட்னி போச்சு தாயி. வாரத்துக்கு மூணு நா மதுரைக்குப் போயி ரத்தம் சுத்தம் பண்ணணும். இவுகளும் என்னையத் தூக்கிக்கிட்டு பஸ்ஸு பஸ்ஸா அலையுதாக. மகன் அங்கனயே ஜெய்ஹிந்துபுரத்துல வாடகைக்கு இருக்கான், வாங்கன்னுட்டான். நாங்க போனா வீடு பூட்டிக் கெடக்கும். பூட்டிக் கெடந்தா ஆளில்லாத வீடுன்னு எழுதிக் குடுத்துருவாக. லைசென்ஸும் வந்துரும்.”

பாண்டிமீனாவுக்குக் கோபம் தலைக்கேறியது. “நல்லாருக்குய்யா. ஒங்க மக வாசலுக்குக் காவலா எங்களக் கொண்டாந்து கட்டப் பாக்குறீக. அவரு பட்டது போதாதா? நாளைக்குக் கம்பெனிக்காரன் வந்து மிரட்டுனா இவரையும் வச்சுக்கிட்டு நான் என்ன செய்வேன்?”

“மிரட்டமாட்டான். வெலயக் கூட்டுவான். அதுதான் பயம்.” கிழவர் அவளை நேராகப் பார்த்தார். “எனக்கும் சந்தேகந்தான் தாயி. பதினாலுக்கு வாங்கி மறுநா முப்பத்திரண்டுக்கு நீ குடுத்துட்டா நான் யாருகிட்டப் போயி அழுவேன்? சீனிவாசகம் நாலு பேரக் கூட்டியாந்தான். நாலு பேருக்கும் முப்பத்திரண்டுன்னு சொல்லித்தான் அனுப்புனேன். அந்த வெலயக் கேட்டு ஒருத்தனும் திகைக்கல. ஒருத்தனும் வீட்டுக்குள்ள போயிப் பாக்கல. டேப்பு எங்க விழுதுன்னுதான் பாத்தான்.”

“எங்கள மட்டும் எப்பிடி நம்புதீக?”

அவர் கட்டிலைக் காட்டினார். ஜெயபாண்டி வாயைத் திறந்து, ஒரு கை கீழே தொங்க, பச்சைப்பிள்ளை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தான்.

“தூங்குறதப் பாத்தேன்” என்றார்.

பாண்டிமீனா பதினைந்து நாள் யோசித்தாள். பத்திரத்தை இரண்டு வக்கீலிடம் காட்டினாள். வில்லங்கம் எடுத்துப் பார்த்தாள். பாலம்மாளுக்கு நிஜமாகவே கிட்னி போயிருக்கிறதா என்று சாத்தூரில் ஒரு நர்ஸ் மூலம் விசாரித்துக்கூடப் பார்த்துவிட்டாள். அதற்காகப் பிற்பாடு வெட்கப்பட்டாள். ஆனாலும் விசாரித்தாள். எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருப்பதே அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

புரட்டாசிக்கு முன்னால் பால் காய்ச்சிக் குடிவந்தார்கள். கண்ணுச்சாமி தன் பழைய இரும்புப் பூட்டையும் சாவியையும் அவள் கையில் கொடுத்து, “பொகை தெரியணும் தாயி” என்றார். அடுப்பு எரியணும் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

பால் பாத்திரம் ஆறுவதற்குள் மோட்டார் பைக் வந்துவிட்டது. கம்பெனி சூப்பர்வைசர் காளீஸ்வரன். முப்பது வயது, சிரித்த முகம். கையில் சாத்தூர் காராச்சேவுப் பொட்டலம்.

“புது வீட்டுக்கு வந்திருக்கீக. வெறுங்கையோட வரலாமா அக்கா?”

“மெதுவாப் பேசுங்க தம்பி. அவுக தூங்குதாக.”

அவன் நிஜமாகவே குரலைத் தணித்துக்கொண்டான். “முப்பத்தஞ்சுன்னு மொதலாளி சொல்லச் சொன்னாரு. அவசரமில்ல. சாத்தூர்ல ரயிலடிகிட்டயே வீடு வாங்கலாம், மிச்சத்துல அண்ணனுக்கு வைத்தியம் பாக்கலாம்.” காராச்சேவோடு ஒரு பித்தளைப் பூட்டையும் படியில் வைத்தான். “ஒங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பப் பூட்டிட்டு ஒரு போனு போடுங்க.”

காராச்சேவை அவள் நாய்க்குக்கூடப் போடாமல் ஓடையில் கொட்டினாள். பூட்டைக் கொட்டவில்லை. கனமான பூட்டு. நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியை மூடிய தட்டு அடிக்கடி நகர்ந்து எறும்பு ஏறியது. அதன்மேல் பாரமாக வைத்தாள். முப்பத்தைந்தை மனசுக்குள் வைத்துப் பார்க்காமலும் இல்லை. பாத்திரம் கழுவும்போது பார்த்தாள், தொழுவத்தில் கட்டியிருந்த ஆட்டுக்குக் குழை ஒடிக்கும்போது பார்த்தாள். பார்த்துவிட்டுக் கட்டிலைத் திரும்பிப் பார்ப்பாள். ரயிலடியில் ராத்திரியும் பகலும் கூட்ஸ் வண்டி போகும்.

ஜெயபாண்டி தேறினான். சிவகாசி அச்சாபீஸிலிருந்து பட்டாசு அட்டைப்பெட்டி மடிக்கிற ஆர்டர் எடுத்து, புருஷனும் பெண்டாட்டியும் முற்றத்தில் உட்கார்ந்து ஒட்டினார்கள். தீபாவளி சீசன் என்பதால் லோடு வாராவாரம் வந்தது. அவன் பசை தடவிக்கொண்டே பேச ஆரம்பித்தான். செத்துப்போன மூன்று பேரின் பெயரையும் ஒருநாள் சொன்னான். ஐப்பசியில் இரண்டு மழை பெய்ததும் ஓடையில் தண்ணீர் ஓடுகிற சத்தத்தை எழுந்துபோய் நின்று கேட்டான்.

ஆனால் பாண்டிமீனாவுக்கு ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. கிழக்குத் தெரு அவளை உளவு பார்த்தது. தண்ணீர் வண்டிக்குக் குடத்தோடு போனால் பேச்சு நின்றுவிடும். கற்பகம் தினமும் காலையில் ஓடைக்கரையில் நின்று, கண்ணுக்கு மேலே கையை வைத்து இந்தப் பக்கம் பார்ப்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள், பார்த்துவிட்டுப் போய்விடுவாள். பத்து நாளைக்கு ஒருதரம், பதினைந்து நாளைக்கு ஒருதரம் கண்ணுச்சாமி மகளைப் பார்க்க வருவார். வந்தவர் பஸ் நின்ற இடத்திலேயே நின்று தன் பழைய வீட்டுக் கூரைக்கு மேலே எதையோ தேடுவார். வீட்டுக்கு வரமாட்டார்.

‘என்னத்தத்தான் பாக்குறாக? ஓட்டை எண்ணுறாகளா?’ என்று அவள் முனகுவாள்.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை ஜெயபாண்டியைக் காதுப் பரிசோதனைக்குச் சாத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவேண்டியிருந்தது. எட்டே முக்கால் பஸ். கிளம்புகிற நேரத்தில் இரும்புப் பூட்டு பூட்டவில்லை. மழையில் நனைந்து துருவேறி, சாவி பாதியில் சிக்கிக்கொண்டது. எண்ணெய் விட்டுப் பார்த்தாள். பஸ் வேலிக்கருவைப் பக்கம் திரும்புகிற சத்தம் கேட்டது. உள்ளே ஓடினாள். ஊறுகாய் ஜாடியின் மேலிருந்த பூட்டை எடுத்து, முந்தானையில் துடைத்து, கதவில் மாட்டிப் பூட்டிவிட்டு ஓடினாள்.

ஊரில் எல்லார் வாசலையும் சந்தேகப்பட்டுப் பார்த்தவளுக்குத் தன் வாசல் மற்றவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நிமிடம் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் போனை அமர்த்தி வைத்திருந்தாள், அவனுக்கு மணிச்சத்தம் ஆகாது என்று. இரண்டு மணி பஸ்ஸில் திரும்பி வந்து இறங்கியபோது வீட்டு முற்றம் நிறையக் கூட்டம். கிழக்குத் தெரு முழுசும் வந்திருந்தது. வேப்பமரத்தடியில், வெறும் தரையில், கண்ணுச்சாமி உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. காலில் ஆஸ்பத்திரி ரப்பர் செருப்பு.

கற்பகம்தான் முதலில் பாய்ந்தாள். “எம்புட்டுக்கு வித்த? முப்பத்தஞ்சா, நாப்பதா? எங்கப்பன் சாமியா நெனச்சு ஒனக்குக் குடுத்தாரே!”

“யாரு வித்தா? என்ன பேசுதீக?”

“பித்தளப் பூட்டு தொங்குது, கண்ணு அவிஞ்சா போச்சு எங்களுக்கு? கம்பெனிக்காரன் வந்து கதவோட சேத்துப் போட்டோ புடிச்சிட்டுப் போறான். சிரிச்சிக்கிட்டே போறான்! எங்கம்மைய மிஷின்ல போட்டுட்டு எங்கப்பன் மதுரையில இருந்து ஓடியாந்திருக்காரு.”

“எம் பிள்ளைகளுக்கு வெடியக் கட்டிட்டுப் போறியே, நீ நல்லாருப்பியா?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அதோடு எல்லாரும் சேர்ந்து கத்த ஆரம்பித்தார்கள். யாரோ கதவை ஓங்கி உதைத்தார்கள்.

அந்தச் சத்தத்துக்கு ஜெயபாண்டி காதைப் பொத்திக்கொண்டு முற்றத்தின் நடுவில் அப்படியே குந்திவிட்டான். உடம்பு வெடவெடவென்று ஆடியது. இந்த மூன்று மாதத்தில் அவன் இப்படி உட்காரவில்லை. பாண்டிமீனா ஓடிப்போய் அவனைத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். கூட்டம் ஒவ்வொரு வாயாக அடங்கியது. கற்பகம் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

“இவரத் தூங்க வைக்கத்தான் இந்த வீட்ட வாங்குனேன்” என்றாள் பாண்டிமீனா. கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. “இரும்புப் பூட்டு துருப்பிடிச்சுப் போச்சு. கையில கெடச்சதப் பூட்டிட்டுப் போனேன். அம்புட்டுதான். மூணு மாசமா ஒங்க கண்ணு முன்னாலதான இருக்கேன்? அப்பிடியும் ஒரு பூட்டப் பாத்ததும் வித்துட்டேன்னு எப்பிடிய்யா நெனச்சீக?”

கேட்டுவிட்டாளே தவிர, எட்டு வாசலில் எட்டுப் பூட்டைப் பார்த்துத் தான் என்ன நினைத்தோம் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. பாலம்மாளின் கிட்னியை விசாரித்ததும் ஞாபகம் வந்தது.

கண்ணுச்சாமி தலையைத் தூக்காமலே சொன்னார்: “ஒரு நாளும் பொகையக் காணல தாயி. எத்தன தரம் வந்தேன். பஸ்ஸவிட்டு எறங்குனதும் பாப்பேன். ஒரு தரங்கூடக் கூரைக்கு மேல பொகை இல்ல. கெடக்கட்டும், கெடக்கட்டும்னு மனசத் தேத்திக்கிட்டுப் போவேன். இன்னைக்குப் பூட்டுன்னு சொன்னதும் தாங்கல.”

பாண்டிமீனாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் வீட்டில் கேஸ் அடுப்பு. தினமும் மூன்று வேளை எரிந்தது. மூன்று மாதமாக அந்த அடுப்பை எந்த மனுஷனும் வெளியிலிருந்து பார்த்ததில்லை.

அவள் ஜெயபாண்டியைக் கட்டிலில் உட்கார வைத்தாள். பூட்டைத் திறந்தாள். அதைத் தூக்கிக் கற்பகத்தின் கையில் கொடுத்து, “ஓடையில போடு” என்றாள். தொழுவத்தின் ஓரத்தில் பாலம்மாள் விட்டுப்போன மண் அடுப்பு மழையில் ஒரு பக்கம் கரைந்து கிடந்தது. கரைந்த பக்கத்துக்கு ஒரு கல்லை நகர்த்தி வைத்தாள். வேலிக்கருவைச் சுள்ளியை ஒடித்து அடுக்கினாள். அடுப்புக்கு முன்னால் தரையை உள்ளங்கையால் ஒருதரம் தடவினாள், பழக்கம். தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு, புருஷனுக்குக் கேட்காதபடி, தொழுவத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்க் குச்சியை உரசி, கையால் பொத்திக்கொண்டு வந்தாள்.

தீ பிடித்தது. அதன்மேல் பச்சை வேப்பங்குழையை அள்ளிப் போட்டாள். கூட்டம் கண்ணைக் கசக்கியது, இருமியது. ஒருவரும் நகரவில்லை. புகை கூரையைத் தாண்டி, வேம்பைத் தாண்டி, ஓடைப்பக்கம் சாய்ந்தது.

கண்ணுச்சாமியின் போன் அடித்தது. எடுக்கத் தெரியாமல் இரண்டு தரம் தப்பாக அழுத்தினார். கற்பகம் வாங்கி அழுத்திக் கொடுத்தாள். அந்தப் பக்கம் பாலம்மாளின் குரல், களைத்துப்போய், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வந்தது.

“முடிஞ்சிருச்சு, ஊசியெல்லாம் உருவிட்டாக. மகன் வந்துட்டான், நீங்க பதறாதீக. என்னாச்சு அங்க? பொகை வருதா?”

கிழவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் நீர் வழிந்தது, புகையினாலும்தான்.

“வருது பாலம்மா” என்றார். “வருது.”